நுவொலாரியின் ஆல்ஃபா பி3: சக்கரத்தில் சிக்கிய ஆறு வாரம்

என் மாடல் காரின் மூன்றாவது சக்கரமும் நேற்றிரவு ஜிக்கிலிருந்து (பாகங்களை அசையாமல் பிடித்துக்கொள்ளும் தாங்கி) உடையாமல் வெளியே வந்துவிட்டது. விரலால் சுண்டினேன், கோட்டமே இல்லாமல் சுற்றியது. ஆறு வாரமாக என்னை அழவைத்த வேலை இது. அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்ள உரிமை உண்டு.

கட்டிக்கொண்டிருப்பது 1/24 அளவில் ஆல்ஃபா ரோமியோ பி3 என்ற இத்தாலியப் பந்தயக் கார். 1935 ஜூலை 28 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் இத்தாலிய ஓட்டுநர் டாட்ஸியோ நுவொலாரி ஓட்டிய 12-ஆம் எண் கார். பெட்டியில் கிடைப்பதென்னவோ 1932 மாதிரிதான். அந்த ஆண்டு ஜூனில் மோன்ஸாவில் அறிமுகமான நாளிலேயே அதே நுவொலாரி ஜெயித்த கார்; அதுவும் அழகுதான். ஆனால் எனக்கு வேண்டியது கிழடு தட்டிய பிறகு ஜெயித்த கார். எதிரே நின்றவை ஒன்பது ஜெர்மன் கார்கள். மெர்சிடஸ் எஞ்சின் சுமார் 4 லிட்டர், ஆட்டோ யூனியன் சுமார் 5 லிட்டர், நம்முடையது 3.2.

1932-ஐ 1935 ஆக்குவதில் இரண்டு தொல்லைகள். 1934-இல் வந்த 750 கிலோ விதி (பந்தயக் காரின் எடைக்கு அதுதான் உச்ச வரம்பு), காரின் உடல் 85 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும் என்றது. ஒல்லியாக இருந்த பி3-ஐ அதற்காக அகலப்படுத்தினார்கள். 1/24-இல் அது முப்பத்தைந்தரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரு பக்கமும் ஸ்டைரீன் பட்டை ஒட்டி, புட்டி பூசி, தேய்த்து முடித்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது முன் சஸ்பென்ஷன். 1935-இல் முன் அச்சுத் தண்டு போய் துபோனே முறை வந்துவிட்டது. சுருள் வில்லும் எண்ணெயும் அடைத்த உருளை ஒன்று பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும். பால்பாயிண்ட் பேனாவின் கூம்பு நுனியை அறுத்து அதைச் செய்தேன். யாராவது கண்டுபிடித்தால் ஒரு காபி வாங்கித் தருகிறேன்.

இனி ஸ்போக்ஸ், அதாவது சக்கரக் கம்பிகள். பெட்டியோடு வந்த சக்கரங்களில் கம்பிகள் தீக்குச்சித் தடிமன். அதை மாட்டினால் கார் பொம்மை ஆகிவிடும். முதல் முயற்சி மீன்பிடி நைலான் நூல், சூப்பர் க்ளூ. இரண்டே நாளில் ரிம் முழுக்க வெள்ளைப் படலம் பூத்துவிட்டது. இரண்டாவது, பாகங்கள் ஒட்டி வந்த பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி இழுத்த இழை. பார்க்க அருமை. சில்வர் பெயின்ட் பட்டதும் தின்னரில் நனைந்து கொடி போலத் தொய்ந்தது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ரிம்மில் 48 இழை, எல்லாம் குப்பைக்கு.

பிறகுதான் புத்தி வந்து பக்கத்துத் தெரு சைக்கிள் கடைக்குப் போனேன். அண்ணன் ஒரு சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தார். நான் படத்தைப் பார்த்து ஒவ்வொரு கம்பியையும் அதன் கடைசிக் கோணத்திலேயே ஒட்டப் பார்த்தேன் என்றதும் சிரித்துவிட்டார். “முதலில் பாதிக் கம்பியை நேராகப் போடுங்கள் தம்பி. அப்புறம் நடுவிலுள்ள ஹப்பை ஒரு திருகு திருகுங்கள். அது தானே சாயும். மிச்சப் பாதியை எதிர்ப்பக்கம் சாய்த்துக் கோக்க வேண்டியதுதான்.” அவ்வளவுதான் சூட்சுமம். சாய்ந்த கம்பிதான் ஹப்பின் திருகு விசையை ரிம்முக்குக் கொண்டுபோகும்; நேர்க்கம்பி எடை தாங்குமே தவிர, பிரேக் பிடித்தால் ஹப் உள்ளேயே முறுக்கிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து பித்தளைத் தகட்டில் ஊசிகளை வட்டமாக நட்டு ஜிக் செய்தேன். கம்பிக்கு 0.2 மில்லிமீட்டர் கிடார் தந்தி, அதாவது மிக மெல்லிய முதல் தந்தி. பசை, மெதுவாக இறுகும் எபாக்சி. ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம். ஹப்பைத் திருகுவதற்குள் கல்லாகிவிடுகிறது. தந்தியை வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துண்டு தெறித்து என் புருவத்தில் குத்தியது.

தந்தியை இணையத்தில் வாங்கியதுதான் தவறு. மெல்லிய தந்தி கேட்டேன். வந்தது பேஸ் கிடாருக்கானது. திருப்பி அனுப்பும் செலவு தந்தி விலையைவிட அதிகம். இசைக்கருவிக் கடையில் நேரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

சக்கரத்தில் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். அந்த நூர்பர்க்ரிங் பந்தயமே சக்கரத்தில்தான் தீர்ந்தது. பெட்ரோல் நிரப்பும் பம்ப் பழுதாகி, கேன்களால் ஊற்றி, நுவொலாரி பிட்டில் (பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திக் கவனிக்கும் இடம்) 2 நிமிடம் 14 வினாடி நின்றார். ஆறாவது இடத்துக்குப் போனவர் ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டே வந்தார். கடைசிச் சுற்று தொடங்கும்போது ஜெர்மன் ஓட்டுநர் பிரவுகிச்சின் மெர்சிடஸ் அரை நிமிடத்துக்கும் மேல் முன்னால் இருந்தது. துரத்தலைச் சமாளிக்க அவர் டயரைத் தேய்த்துத் தீர்த்திருந்தார்; அந்தச் சுற்றிலேயே டயர் வெடித்தது. வெறும் ரிம்மோடு ஐந்தாவதாக வந்தார். ஜெயித்தது பழைய ஆல்ஃபா.

அடியில் இன்னொரு கூத்து. பி3-இல் டிஃபரன்ஷியல் (இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) கியர்பாக்ஸை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து இரண்டு தண்டுகள் ‘வி’ போலப் பிரிந்து பின் சக்கரங்களுக்குப் போகும். காரை வடிவமைத்த விட்டோரியோ யானோவின் மூளை. அவற்றைப் பித்தளைக் குழாயில் செய்து மாட்டிவிட்டேன். உடலை மூடிய பிறகு எவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஓட்டுநர் பொம்மைக்கு மஞ்சள் ஜெர்சி, நீலக் கால்சட்டை, தோல் தொப்பி. 1932-இல் கவிஞர் டி’அன்னுன்ஸியோ கொடுத்த தங்க ஆமைதான் நுவொலாரியின் அடையாளச் சின்னம். வேகமான மனிதனுக்கு மெதுவான பிராணி. இந்த அளவில் அதைப் பொட்டாகத்தான் வைக்க முடியும். ஊசி முனையில் ஒரு துளி தங்க நிறம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை: தமியா கம்பெனியின் இட்டாலியன் ரெட் பெயின்ட் அந்தக் காலத்துக் காருக்கு ரொம்பப் பளபளப்பு. துளி பழுப்பு கலக்கிறேன்.

அடுத்தது என்ன என்று இப்போதே மனம் அலைகிறது. 1934 மே மாதம் பெர்லினின் ஆவுஸ் பந்தயத்துக்கு நுவொலாரி கால் உடைந்து மாவுக்கட்டோடு வந்து, நல்ல காலாலேயே எல்லா பெடலையும் மிதிக்கும்படி மாஸராட்டியை மாற்றி ஐந்தாவதாக முடித்தாரே, அந்தக் காரைச் செய்யலாமா? அல்லது 1938-இல் இங்கிலாந்தின் டானிங்டனில் அவர் ஜெயித்த ஆட்டோ யூனியன் டைப் டி. அங்கே பயிற்சியின்போது ஒரு மானை வேறு இடித்தார். ஆட்டோ யூனியன் பக்கம்தான் ஆசை சாய்கிறது. ஆனால் அதற்கும் கம்பிச் சக்கரம்தான், மறுபடி நான்கு.

நான்காவது சக்கரம் ஜிக்கில் இருக்கிறது. முதல் பாதி போட்டாயிற்று, ஹப்பையும் திருகியாயிற்று. எபாக்சி இறுக நாளைக் காலை ஆகும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தூங்க வேண்டும்.