ஃபோம் கட்டை: பல்லுக்கும் நகத்துக்கும் தாங்க வேண்டும்

மரக்கட்டை தலையில் விழுந்தால் புடைக்கும். ஃபோம் கட்டை விழுந்தால் குழந்தை சிரிக்கும். இதனாலேயே ஃபோம் என்றால் ஆபத்தில்லை என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் மரத்தைப் பல்லால் பிய்க்க முடியாது, ஃபோமைப் பிய்க்கலாம். மெத்தென்ற ஈ.வி.ஏ. (எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற நெகிழி ஃபோம்) தகட்டில் முன்பற்கள் பதிந்தால் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு துண்டு எளிதில் வந்துவிடும். அது மூச்சுக்குழாயில் சிக்கினால் எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது. கட்டை எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ, அவ்வளவு சுலபமாகப் பிய்யும். குழந்தைகளுக்கு ஃபோம் கட்டை செய்யும் தொழிலில் எடுக்கிற முடிவுகள் பெரும்பாலும் இந்த முரணைச் சுற்றித்தான் வருகின்றன.

அதனால் வயதை முதலில் தீர்மானியுங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் உறை போட்ட கட்டை. மூன்றுக்கு மேலே என்றால் உறையில்லாத ஈ.வி.ஏ. கட்டை. இரண்டு வயதுக் குழந்தைக்கு வெறும் ஃபோம் கட்டை கொடுப்பது சரி என்று நாங்கள் நினைக்கவில்லை, அட்டைப்பெட்டியில் எத்தனை எச்சரிக்கை அச்சடித்தாலும்.

முதலில் உறையில்லாத கட்டை. அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோ அளவிலும், கடினம் ஷோர் சி என்ற கடினமானி அளவில் 38 முதல் 45 வரையிலும் இருக்கட்டும். விலை குறைவு என்று 30 கிலோ அடர்த்தி ஈ.பி.ஈ. (ஊதிய பாலித்தீன்) ஃபோமை எடுத்தால் நகம் பட்டாலே ஃபோமின் மேல்தோல் உரியும். இன்னொரு சங்கடமும் உண்டு: நம் வீடுகளில் மேலே ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள கட்டை 30 கிராம்தான் இருந்தால் நாலு அடுக்குக் கோபுரம் காற்றிலேயே சரிந்துவிடும். குழந்தை தன் கைமீது பழி போட்டுக்கொண்டு எழுந்து போய்விடும். அதே கட்டை 100 கிராம் இருந்தால் நிற்கும்.

அளவுக்கு 1:2:4 விகிதம் நல்லது. அமெரிக்கக் கல்வியாளர் கரோலின் பிராட் வடிவமைத்த மரக்கட்டைகளின் அடிப்படை இதுதான். இரண்டு சேர்ந்தால் இன்னொன்றின் அளவு வந்துவிடுவதால் கணக்கைக் கை தானாகக் கற்றுக்கொள்ளும். 50 × 100 × 200 மி.மீ. என்று வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். 1 × 2 மீட்டர் தகட்டின் ஓரங்கள் சீராக இருக்காது. நாலு பக்கமும் 10 மி.மீ. சீவினால் 980 × 1980 மி.மீ. மிஞ்சும். அதில் 100 × 200 கட்டைகள் 9 × 9, அதாவது 81 தான் கிடைக்கும். 49 × 98 × 196 என்று அளவைக் கொஞ்சம் இறக்கினால் விகிதம் மாறாது, தகட்டுக்கு 100 கட்டை கிடைக்கும். 50 மி.மீ. தகட்டை ஸ்ப்ளிட்டிங் மெஷினில் 49-க்குச் சீவும்போது தடிமன் வேறுபாடும் ஒழிந்துவிடும். பத்து அடுக்கில் ஒவ்வொன்றும் 1 மி.மீ. பிசகினால் கோபுரம் எப்படி நிற்கும்?

வெட்டும்போது பலர் தவறுவது டையில், அதாவது வடிவத்துக்கு வளைத்த கத்தியை அழுத்தி வெட்டுவதில். செருப்புச் சோல் வெட்டும் பிரஸ்ஸில் மெல்லிய தகடு அழகாக வரும். 50 மி.மீ. தகடு கத்தியின் அழுத்தத்தில் முதலில் நசுங்கி, வெட்டுப்பட்ட பிறகு விரியும். பக்கங்கள் உள்வாங்கிக் குழிந்துவிடும். அப்படிப்பட்ட கட்டையைச் செங்குத்தாக நிறுத்தினால் ஓரத்தில்தான் நிற்கும், ஆடும். தடித்த தகட்டுக்கு பேண்ட் நைஃப் (சுற்றி ஓடும் பட்டைக் கத்தி) அல்லது அதிரும் கத்தியுள்ள சி.என்.சி. (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) தான் சரி. ரம்பப் பற்கள் உள்ள பிளேடு வேண்டாம். அது பொருளைத் தின்னும், தூளும் விடும். விளிம்புகளை 3 மி.மீ. அளவுக்கு உருட்டி, தூள் போகக் கழுவி உலர்த்துங்கள். தூளோடு பெட்டிக்குள் போன கட்டை நேராகக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

தடிமன் போதவில்லை என்று இரண்டு தகடுகளை ஒட்டுவது பெரிய பலவீனம். கடையில் கிடைக்கும் மஞ்சள் ரப்பர் பசைகள் பலவற்றில் டொலுயின் என்ற நச்சுக் கரைப்பான் இருக்கும். தவிர, ஒட்டிய கோட்டில்தான் குழந்தையின் நகம் நுழையும். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் சூடுகாட்டி ஒட்டும் முறையில் செய்யுங்கள். கூடியவரை ஒரே தகட்டிலிருந்து வெட்டும்படி வடிவத்தை மாற்றிவிடுவதே மேல்.

தகடு எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் முக்கியம். ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் காலணித் தொழிலுக்கு ஈ.வி.ஏ. நிறையப் புழங்குகிறது. காலணித் தரத் தகட்டில் சுண்ணாம்புத்தூளும் அரைத்த பழைய கழிவும் கலந்திருக்கலாம். செருப்புக்கு அது குற்றமில்லை, குழந்தை கடிக்கும் பொருளுக்கு ஆகாது. தகடு உருவாகும் விதம் சுருக்கமாக இதுதான்: 100 கிலோ ரெசினுக்கு (மூல நெகிழிக்கு) அதன் இழைகளைக் குறுக்கே பிணைக்க டைகியூமைல் பெராக்சைடு ஒரு கிலோவுக்குள், வாயு விட்டு ஊதவைக்கும் ஊதுபொருளாக அசோடைகார்போனமைடு சில கிலோ, அதைத் தூண்டத் துத்தநாக ஆக்சைடு, கொஞ்சம் ஸ்டியரிக் அமிலம். நீடர் என்ற பிசையும் இயந்திரத்தில் பிசைந்து, ரோலில் தேய்த்து, ஏறத்தாழ 170 டிகிரியில் பிரஸ்ஸில் வேகவைத்துத் திறந்தால் தகடு துள்ளி விரியும். பெராக்சைடு குறைந்தால் வாயு கசிந்து தகடு அமுங்கிப்போகும், கூடினால் விரியாமல் வெடிப்பு விடும். வெள்ளைத் தகட்டில் மஞ்சள் புள்ளி தெரிந்தால் ஊதுபொருள் முழுதாகச் சிதையவில்லை என்று பொருள், திருப்பி அனுப்புங்கள். பிரஸ்ஸிலிருந்து வந்த தகடு சுருங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு நாளாவது வைத்திருந்து வெட்ட வேண்டும்.

புதுத் தகட்டின் அந்த வாடை பெரும்பாலும் பெராக்சைடு சிதைந்து வரும் அசிட்டோஃபினோனுடையது. அதைவிடக் கவலைப்பட வேண்டியது ஊதுபொருளிலிருந்து வரும் ஃபார்மமைடு என்ற நச்சுப்பொருள். இதற்காகவே 2010 டிசம்பரில் பெல்ஜியமும், 2011-இல் பிரான்சும் ஃபோம் புதிர்ப்பாய்களின் விற்பனையை நிறுத்தின. 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பே வகுத்தது: கிலோவுக்கு 200 மி.கி.க்கு மேல் ஃபார்மமைடு இருந்தால், 28 நாட்களுக்குப் பிறகு காற்றில் கலக்கும் அளவு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. தகடு விற்பவரிடம் இந்த ஆய்வறிக்கையைக் கேளுங்கள். வெட்டிய கட்டைகளைக் காற்றோட்டமான அறையில் இடைவெளி விட்டு அடுக்கி ஆறவிடுங்கள். அன்றே பாலித்தீனில் சுற்றி ஒட்டினால் வாடையும் வாயுவும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

இனி உறை போட்ட கட்டை. உள்ளே 32 டென்சிட்டி (கன மீட்டருக்கு 32 கிலோ) பி.யூ. ஃபோம், அதாவது மெத்தைகளில் வரும் பாலியூரித்தேன், போதும். குழந்தைகள் ஏறி மிதிக்கும் பெரிய கட்டை என்றால் 40. ரீபாண்டட் வேண்டாம், அது பல இடத்துக் கழிவை ஒட்டிச் செய்வது, அதற்குள் எந்த ரசாயனம் இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பி.யூ.வைச் சூட்டுக் கம்பியால் வெட்டவும் கூடாது, வரும் புகை நஞ்சு. ஃபோமை உறையைவிட ஒவ்வொரு பக்கமும் அரை செ.மீ. பெரிதாக வெட்டினால் உறை சுருக்கமில்லாமல் விறைப்பாக நிற்கும்.

மேலுறைக்கு ரெக்சின் என்றால் தாலேட் அறிக்கை இல்லாமல் ஒரு மீட்டர்கூட வாங்காதீர்கள். பி.வி.சி.யை மென்மையாக்குவதே பெரும்பாலும் தாலேட்டுகள்தான். ரெக்சினுக்கு உள்ளே பருத்தியில் இன்னொரு உறை தைத்து மூடிவிடுங்கள், மேலுறை கிழிந்தாலும் ஃபோம் வெளியே தெரியாது. செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இந்த உள்ளுறைதான், வெட்டக் கூடாததும் இதுதான்.

தையல் நூல் பாலியெஸ்டர், தையல் நீளம் 3 மி.மீ., இரட்டைத் தையல். நெருக்கித் தைத்தால் உறுதி கூடும் என்று தோன்றும். ரெக்சினில் அது தபால்தலை ஓட்டைபோல வரிசையாகத் துளைத்துக் கிழிய வழிவிடும். ரெக்சினில் காற்றுப் புகாது, குழந்தை பொத்தென்று உட்கார்ந்தால் உள்ளிருக்கும் காற்று தையலை உடைக்கும். அடிப்பக்கத்தில் ஒரு வலைத்துணிப் பட்டை தைத்துவிட்டால் தீர்ந்தது. ஜிப்பின் இழுப்பானைக் கழற்றிவிட்டு, மடிப்புக்குள் மறைத்துத் தையுங்கள். உறையைத் துவைக்க வேண்டும்போது பெரியவர்கள் ஒரு பேப்பர் கிளிப்பை மாட்டித் திறந்துகொள்ளலாம்.

ஊசி உடைந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். எல்லாத் துண்டுகளும் கிடைத்து, சேர்த்துவைத்தால் முழு ஊசி ஆக வேண்டும். ஆகவில்லையா, அந்தக் கட்டை குப்பைக்கு. கடைசியாக மெட்டல் டிடெக்டரில் ஒவ்வொன்றையும் விடுங்கள்.

சட்டம் எளிது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பொம்மைகளுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 9873-இன் பாகங்கள் 1, 2, 3, 9 முறையே உடல்சார் பாதுகாப்பு, தீப்பற்றல், கன உலோகங்கள், தாலேட்டுகள். ஆய்வகத்துக்குப் போகும் முன் பட்டறையிலேயே இரண்டு சோதனை செய்துவிடலாம். ஒன்று, தையலின் இருபக்கமும் கிளாம்ப் மாட்டி 7.2 கிலோ எடையை 10 நொடி தொங்கவிடுவது. தரம் கேட்கும் 70 நியூட்டன் ஏறக்குறைய இதுதான். இரண்டாவது, 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறுபாக உருளை. பிய்ந்த எதுவும் அதற்குள் முழுதாக அடங்கினால் தோல்வி. கட்டையின் குறைந்தபட்ச அளவை 49 மி.மீ.யில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்: ஃபோம் வாய்க்குள் நசுங்கும், உருளைச் சோதனையில் நசுக்கிப் பார்ப்பதில்லை.

பெட்டிக்குள் ஒரு தாள் வையுங்கள். மொட்டைமாடி வெயிலில் காயவைக்க வேண்டாம், ஈ.வி.ஏ. சுருங்கி வளையும். விளக்கு, ஊதுபத்திப் பக்கம் வைக்க வேண்டாம், எல்லா ஃபோமும் எரியும். மாதம் ஒருமுறை கட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். பல்பட்டு ஓரம் பெயர்ந்த கட்டையை அன்றே எடுத்துவிடுங்கள், ஒட்டிச் சரிசெய்ய வேண்டாம்.