காரில் ஸ்கிரீன் மாட்டிய கதை: மூன்று வாரம் ஒயரோடு மல்லுக்கட்டு

என்னுடையது 2011 மாடல் சின்ன கார். பழைய சிடி பிளேயரைக் கழற்றிவிட்டு 9 அங்குல ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் மாட்டலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ஒயர்களைச் சேர்க்கும் கப்ளர் கூடவே வந்திருந்தது, செருகினால் வேலை முடிந்தது என்று நினைப்பு. டேஷைத் திறந்தால் கார் பக்கத்துக் கப்ளரையே காணோம். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் காலத்தில் யாரோ அதை வெட்டிவிட்டு, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். வெயிலில் பசை இளகி, தொட்ட விரலெல்லாம் கறுப்புப் பிசின்.

சரி, நிறத்துக்கு நிறம் சேர்ப்போம் என்று சால்டர் வைத்தேன். மஞ்சள் என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட், சிவப்பு என்றால் சாவி திருப்பினால் மட்டும் வரும் ஏசிசி, கறுப்பு என்றால் மின்சாரம் கார் பாடி வழியாகத் திரும்பும் எர்த். ஸ்கிரீன் எரிந்தது, பாட்டு பாடியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் காலையில் ரேடியோ ஸ்டேஷன்கள் இல்லை, ஈக்வலைசர் இல்லை, கடிகாரமும் தப்பு. ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் புதிதாய்ப் பிறந்த குழந்தை மாதிரி முதலிலிருந்து பூட் ஆனது. முன்பே செய்திருக்க வேண்டிய வேலையை அப்போதுதான் செய்தேன். சாவியை எடுத்துவிட்டு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் கார் பக்கத்து மஞ்சளில் பூஜ்யம், சிவப்பில் 12.4. பழைய செட்டை மாட்டியவர் கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார். இரண்டையும் மாற்றினேன். ஸ்டேஷன்கள் அதன் பிறகு மறக்கவே இல்லை.

பொங்கலுக்கு ரயிலில் ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தோம். கார் சாவியைத் திருப்பினால் டிக் என்றுகூடச் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக் காரில் ஜம்பர் கேபிள் போட்டுத்தான் கிளப்பினேன். பேட்டரி ஒரு வருஷம்கூட ஆகாதது, அதனால் சந்தேகம் நேராக ஸ்கிரீன் மேல்.

நிறுத்திய காரில் பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் போகிறது என்று பார்க்கும் சோதனையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஏறிய பிறகு, 10 நம்பர் ஸ்பேனரால் நெகடிவ் முனையைக் கழற்றி, அந்த முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு இணைக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் உள் விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் கதவோரத்து ரப்பர் பொத்தானை அமுக்கி டேப் ஒட்டினேன். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் செய்யக் கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். (ஒன்று போனது.) அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் 0.38 ஆம்பியர். நிறுத்திய காரில் 0.05-க்குள் இருந்தால் கவலையில்லை. 0.38 என்றால் ஒரு நாளைக்கு 9 ஆம்பியர் அவருக்கு மேல், நாலு நாளில் 36. என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 தான்!

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரேடியோ ஃப்யூஸ் வெளியே வந்ததும் 0.02-க்கு இறங்கியது. மஞ்சளும் சிவப்பும் மாறிக் கிடந்தவரை, சாவி எடுத்தால் ஸ்கிரீனை ஓட்டும் மஞ்சள் ஒயருக்கு மின்சாரமே போகவில்லை. நான் சரியாக மாற்றிய அன்றுதான் அது இரவெல்லாம் குடிக்க ஆரம்பித்திருக்கிறது. செட்டிங்கில் தேடினால், சீக்கிரம் பூட் ஆவதற்காக நாள்கணக்கில் தூங்காமல் காத்திருக்கும்படி ஒரு தேர்வு. சாவி எடுத்ததும் அணையும்படி மாற்றினேன். இப்போது எல்லாம் சேர்ந்து 0.03. பூட் ஆக முப்பது விநாடி ஆகிறது, ஆகட்டும்.

அப்புறம் அந்தக் 'கொய்ங்' சத்தம். எஞ்சின் ஓடும்போது ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய ஊளை. ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தம்தான், ஆனால் அது ஸ்பீக்கருக்குள் வரும் வழி வேறு. மச்சானை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன். "மாமா, இதுக்குக் கடையிலயே குடுத்திருக்கலாம்ல?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

எர்த்தை டேஷுக்குள் கைக்கு எட்டிய ஒரு தகட்டு ஸ்குரூவில் மாட்டியிருந்தேன். பாட்டைச் சத்தமாக வைத்து, கறுப்பு ஒயருக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவில் அளந்தேன்: 0.4 வோல்ட். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டியது. ஸ்குரூவைக் கழற்றினால் அடியில் பளபளவென்று பெயிண்ட். ஸ்டீயரிங்குக்குக் கீழே பாடியில் இருக்கும் போல்ட்டைத் தேடி, எமரி பேப்பரால் வெள்ளி தெரியும்வரை தேய்த்து, வளையக் கிளிப் போட்டு முறுக்கினேன். 0.03. ஊளை நின்றது. ரிவர்ஸ் கேமரா படத்தில் ஓடிய குறுக்குக் கோடுகளும் கூடவே போயின. கேமரா மட்டம் என்று நினைத்து நான் வேறொன்று ஆர்டர் போட்டிருந்தேன்.

போனைக் காரிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு ஆக்ஸ் ஒயரில் பாட்டு கேட்டால் மட்டும் இன்னும் லேசாக ஊளை வருகிறது. சார்ஜரை உருவினால் இல்லை. சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் ஒயர் வழியாக ஒன்று என எர்த்துக்கு இரண்டு வழி கிடைத்துவிடுகிறது போல. ப்ளூடூத்தில் கேட்டால் சுத்தம், அதனால் டேஷை இப்போதைக்கு மறுபடி திறப்பதாக இல்லை. ஆர்டர் போட்ட கேமரா நாளை வருகிறது, திருப்பி அனுப்ப வேண்டும்.