சுந்தரய்யாவின் கடிதமும் 31 வாக்குகளும்

2025 ஏப்ரல் முதல் வாரத்தில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் 24ஆவது அகில இந்திய மாநாடு மதுரை தமுக்கம் மைதானத்தில் நடந்தபோது, 77 வயதான என் அப்பாவை ஒரு மாலை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், கொடிகள் கட்டியிருந்த சாலையோரத்தில் இறக்கிவிட்டேன். அரங்குக்குள் பிரதிநிதிகளுக்கு மட்டுமே இடம் என்பது அவருக்குத் தெரியும்; ஆனாலும் வெளியே நின்றாவது பார்த்துவிட்டு வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 1972இல் இதே மதுரையில் ஒன்பதாவது மாநாடு நடந்தபோது அவர் இளம் பஞ்சாலைத் தொழிலாளி; தொண்டர் அணியில் நின்று, வந்திறங்கிய பிரதிநிதிகளுக்குத் தண்ணீர் கொடுத்தவர். அப்போது பொதுச்செயலாளர் பி. சுந்தரய்யா. இப்போது, ஏப்ரல் 6ஆம் தேதி, எம்.ஏ. பேபி பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று நான் சொன்னதும், அப்பா கேட்ட முதல் கேள்வி, "என்ன விவாதம் நடந்ததாம்?" என்பதுதான். அந்தக் கேள்வி பல வாரங்கள் என்னை விடவில்லை.

மதுரை மாநாடு கூடிய சூழலே வழக்கத்துக்கு மாறானது. 2024 செப்டம்பர் 12 அன்று சீதாராம் யெச்சூரி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 72ஆவது வயதில் காலமானார். கட்சி தோன்றிய 1964 முதல் பதவியில் இருக்கும்போதே இறந்த பொதுச்செயலாளர் அவர் ஒருவரே. அவருடைய இடத்துக்கு இன்னொருவரை உடனே தேர்ந்தெடுக்காமல், மாநாடு வரை அரசியல் தலைமைக்குழுவையும் (பொலிட்பீரோ) மத்தியக் குழுவையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பைப் பிரகாஷ் காரத்திடம் கொடுத்தார்கள். மாநாட்டின் உரிமையை மதித்த முடிவு என்ற வகையில் அதை நான் ஏற்கிறேன். அதே நேரத்தில், 2015இலேயே மூன்று முறை என்ற வரம்பு முடிந்து விலகிய ஒருவர், 76ஆவது வயதில் மறுபடியும் வந்து அந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இடதுசாரி இயக்கங்களைக் குறித்துப் பேசும்போது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒன்று உண்டு: இங்கே தலைமை தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதில்லை. இந்தப் பெருமை உண்மையானது. மற்ற கட்சிகளை ஒப்பிட்டால் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. ஆனால் வாரிசு முறை இல்லை என்பதாலேயே தலைமை மாற்றம் என்ற சிக்கல் தீர்ந்துவிட்டதாக ஆகாது. தனிநபரைவிடக் கொள்கை முக்கியம் என்று சொல்லும் ஓர் இயக்கத்தில் தலைவர் எப்போது, எதற்காக மாறினார் என்று திரும்பிப் பார்த்தால் எனக்கு ஓர் உறுத்தல் ஏற்படுகிறது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் உடல்நலம் குன்றியதால் 1992 சென்னை மாநாட்டில் விலகினார். ஹர்கிஷன் சிங் சுர்ஜித் 2005இல் விலகியபோது அவருக்கு வயது 89. பிரகாஷ் காரத் பதவிக்கால வரம்பினால் 2015இல் விலகினார். யெச்சூரியை மரணம் கொண்டுபோயிற்று. அரசியல் வேறுபாட்டைக் காரணமாகச் சொல்லி விலகியவர் சுந்தரய்யா மட்டுமே.

அந்த விலகலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1975 ஜூனில் இந்திரா காந்தி அவசர நிலையை அறிவித்தார். அதை எதிர்த்துப் போராட வேண்டும் என்பதில் கட்சிக்குள் கருத்து வேறுபாடு இல்லை; யாரோடு சேர்ந்து போராடுவது என்பதில்தான் பிளவு வந்தது. பாஜகவின் முன்னோடியான ஜனசங்கத்தோடும் அதன் மையமாக இருந்த ஆர்.எஸ்.எஸ். அமைப்போடும் கூட்டு நடவடிக்கையில் இறங்குவது பெருந்தீங்காக முடியும் என்று சுந்தரய்யா கருதினார். மத்தியக் குழுவின் பெரும்பான்மை அவருடைய கருத்தை ஏற்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே, இது உட்பட ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்களை எழுதி, பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்தும் அரசியல் தலைமைக்குழுவிலிருந்தும் விலகுவதாகக் கடிதம் கொடுத்தார். தான் நம்பாத ஒரு வழியைத் தலைமையில் இருந்துகொண்டு நடத்த முடியாது என்பதுதான் அதன் சாரம். விலகியவர் கட்சியை உடைக்கவில்லை, வீட்டிலும் முடங்கவில்லை. ஆந்திரத்துக்குத் திரும்பி மாநில அளவில் வேலை செய்தார், 1978இல் கன்னவரம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார், 1985இல் இறக்கும்வரை கட்சிக்காரராகவே இருந்தார்.

அவருடைய நிலைப்பாடு சரியா தவறா என்பதில் எனக்கே முழுத் தெளிவு கிடையாது. அவசர நிலையை முறியடிக்கப் பரந்த ஒற்றுமை தேவைப்பட்டது என்ற எதிர்வாதத்திலும் வலு இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதம் பல ஆண்டுகளுக்குப் பிறகே வெளியே வந்தது என்பது என்னை வருத்துகிறது. என் அப்பாவைப் போன்ற சாதாரண உறுப்பினர்கள் தங்கள் பொதுச்செயலாளர் ஏன் போனார் என்பதை அந்தக் காலத்தில் அவர் எழுதிய சொற்களில் படிக்கவில்லை. படித்திருந்தால், தலைமை மாற்றம் என்பது ஓர் அரசியல் கேள்வி என்ற பழக்கம் கிளைகள்வரை இறங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கட்சி பிறகு விதிகளின் வழியாக இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றது. 2012 கோழிக்கோடு மாநாட்டில், செயலாளர் பொறுப்பில் யாரும் மூன்று முழுப் பதவிக்காலங்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. விதிவிலக்கு தேவையென்றால் மத்தியக் குழுவில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், அதுவும் ஒரே ஒருமுறைதான். 2021இல் மத்தியக் குழுவுக்கு 75 வயது வரம்பு முடிவானது. அடுத்த ஆண்டு கண்ணூர் மாநாட்டில் நடைமுறைக்கு வந்தது. இந்த விதிகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். கண்ணூரில் எஸ். ராமச்சந்திரன் பிள்ளை, பிமன் பாசு, ஹன்னன் மொல்லா ஆகிய மூவர் அரசியல் தலைமைக்குழுவிலிருந்து விலகியதால் ஏற்பட்ட இடங்களில் ஒன்றுக்கு மேற்கு வங்கத்தின் ராமச்சந்திர டோம் வந்தார். அந்தக் குழுவில் இடம்பெற்ற முதல் தலித் அவர். 1964இலிருந்து கணக்கிட்டால் 58 ஆண்டுகள். உழைக்கும் மக்களின் கட்சிக்கு இவ்வளவு காலம் ஆனது என்பது வலிக்கிற உண்மை. மூத்தவர்கள் எழுந்து இடம்விட்டபோதுதான் அது நடந்தது என்பதும் உண்மை. 

தமிழ்நாட்டிலும் அப்படியே. 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் நடந்த மாநில மாநாட்டில் கே. பாலகிருஷ்ணன் வயது வரம்பை ஒட்டி விலக, பெ. சண்முகம் மாநிலச் செயலாளரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித் அவர். வாச்சாத்தி மலைக்கிராம மக்களுக்காக மலைவாழ் மக்கள் சங்கத்தின் வழியே ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். 1992இல் வனத்துறையினரும் காவல்துறையினரும் அங்கே நடத்திய கொடுமைக்கு 2011இல் தண்டனை கிடைத்தது, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பது ஆண்டுகள் ஒரே ஊர் மக்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இயக்கத்தின் மனிதர் செயலாளராக வந்தபோது எனக்கு மனம் நிறைந்தது. மதுரை மாநாட்டில் காரத், பிருந்தா காரத், மாணிக் சர்க்கார், சுபாஷினி அலி, சூர்யகாந்த மிஸ்ரா, ஜி. ராமகிருஷ்ணன் ஆகிய ஆறு பேர் அரசியல் தலைமைக்குழுவிலிருந்து விலகினார்கள். புதிதாக வந்த எட்டுப் பேரில் உ. வாசுகியும் மரியம் தாவ்லேயும் இருக்கிறார்கள்.

ஆனால் விலக்கு என்று ஒன்று வந்தபோது விதி தளர்ந்தது. கண்ணூரிலும் மதுரையிலும் பினராயி விஜயனுக்கு வயது வரம்பிலிருந்து விலக்களிக்கப்பட்டது. மதுரை மாநாட்டின்போது அவருக்கு 79 வயது. அப்போது கேரள முதலமைச்சராக இருந்தார் என்பது சொல்லப்பட்ட காரணம். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில், 2025 செப்டம்பர் சண்டிகர் மாநாட்டில் து. ராஜா 75 வயதைக் கடந்த நிலையில் விலக்குடன் மூன்றாம் முறையாகப் பொதுச்செயலாளரானார். அவர் தமிழ்நாட்டுக்காரர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித் என்பதால் அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இருவருடைய தகுதியையும் நான் கேள்வி கேட்கவில்லை. விலக்குக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், அடுத்தவரை ஏன் இன்னும் உருவாக்க முடியவில்லை என்ற கேள்விக்கும் மாநாடு எழுத்தில் பதில் வைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

கேரளத்தின் 2021ஆம் ஆண்டு அனுபவத்தையும் இங்கே நினைக்கிறேன். இடது முன்னணி தொடர்ந்து இரண்டாம் முறை வென்றபோது, முதலமைச்சரைத் தவிர மார்க்சிஸ்ட் அமைச்சர்கள் அனைவரும் மாற்றப்பட்டார்கள். மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் வென்ற, சுகாதார அமைச்சராக இருந்த கே.கே. சைலஜாவும் அதில் அடங்குவார். நிபா காலத்திலும் கொரோனா காலத்திலும் அவர் செய்த வேலையைப் பார்த்த பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்பது நல்ல வாதம். ஒருவருக்கு மட்டும் அது பொருந்தாமல் போகும்போது வாதத்தின் பாதி பலம் போய்விடுகிறது. இதற்கு நேர்மாறான அனுபவமும் அதே மாநிலத்தில் இருக்கிறது. 2006இல் வி.எஸ். அச்சுதானந்தனுக்குத் தேர்தலில் நிற்க முதலில் வாய்ப்பு மறுக்கப்பட்டபோது அணிகள் தெருவுக்கு வந்தார்கள், முடிவு மாறியது, 82 வயதில் அவர் முதலமைச்சரானார். வயதானவர் என்று யாரும் அவரை ஒதுக்கவில்லை. நில ஆக்கிரமிப்பையும் ஊழலையும் எதிர்க்கும் ஒரு நிலைப்பாடு அவர் உருவில் நின்றது. மக்கள் அதைக் கேட்டார்கள்.

மேற்கு வங்கத்தில் கைமாறிய விதம் வேறு. 23 ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த ஜோதி பாசு, 1999இல் புத்ததேவ் பட்டாச்சார்யாவைத் துணை முதலமைச்சராக அருகில் வைத்துக்கொண்டு, 2000 நவம்பரில் 86ஆவது வயதில் பொறுப்பை ஒப்படைத்தார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் முன்னணி வென்றது. தலைமை மாற்றத்துக்குச் சிறந்த முன்மாதிரி என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள். என் கணிப்பில், அங்கே ஆள் மாறியது குறித்துப் பேசிய அளவுக்கு, தொழில்மயம் எந்த வழியில், யாருடைய நிலத்தில் என்பது குறித்துப் பேசப்படவில்லை. அந்த விவாதம் சிங்கூரிலும் நந்திகிராமிலும் விவசாயிகளோடு மோதலாக வெடித்தது. 2011இல் ஆட்சி போயிற்று. 2021இல் சட்டமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லை.

விவாதம் வெளிப்படையாக நடந்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். 2018 ஜனவரியில் கொல்கத்தாவில் கூடிய மத்தியக் குழுவில், காங்கிரசோடு எந்த வகைப் புரிந்துணர்வும் கூடாது என்ற வரைவுக்கு 55 வாக்குகளும், கதவைச் சற்றுத் திறந்து வைக்கலாம் என்ற யெச்சூரியின் வரைவுக்கு 31 வாக்குகளும் கிடைத்தன. பொதுச்செயலாளரே சிறுபான்மை. அந்தச் சிறுபான்மைக் கருத்து ஏப்ரலில் ஹைதராபாத் மாநாட்டுக்கு வந்தது, பிரதிநிதிகள் பேசினார்கள், அரசியல் கூட்டணி இல்லை என்பதாகத் தீர்மானத்தின் வாசகம் திருத்தப்பட்டது, யெச்சூரி மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். விவாதித்து முடிவெடுத்த பின் எல்லோரும் அதற்குக் கட்டுப்படுவது என்ற பொருள் கொண்ட ஜனநாயக மத்தியத்துவம் என்ற சொல்லைப் புத்தகத்தில் மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு, அது உயிரோடு இயங்கியதை அந்த மூன்று மாதங்களில்தான் பார்க்கக் கிடைத்தது.

என் அப்பா பதினேழு ஆண்டுகள் கிளைச் செயலாளராக இருந்தவர். பொறுப்பை ஒப்படைத்த நாளில் மஞ்சள் பையிலிருந்து மினிட் புத்தகம், உறுப்பினர்கள் வருமானத்திலிருந்து கட்சிக்குத் தரும் பங்கைக் குறிக்கும் லெவி நோட்டு, ரசீதுக் கட்டு மூன்றையும் எடுத்து, கைப்பேசிக் கடையில் வேலை பார்த்த இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் கொடுத்தார். லெவி நோட்டின் பின்னட்டையில் ஒவ்வோர் உறுப்பினரும் எந்தத் தேதியில் சம்பளம் வாங்குவார், யார் வீட்டில் உடம்பு சரியில்லை, யாரிடம் இந்த மாதம் கேட்கக் கூடாது என்று பென்சிலால் எழுதியிருந்தார். அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுவதும் அந்தத் தோழரைத்தான் கூட்ட அறிக்கையைத் தயாரிக்கச் சொல்லி, தன் கருத்தோடு மாறுபட்ட இடத்தில் அவர் எழுதியதை அடிக்காமல், அடுத்த பத்தியில் தன் கருத்தைத் தனியாகச் சேர்த்தார். எந்தக் கருத்து கிளைக்குச் சரி என்று உறுப்பினர்கள் கையுயர்த்தி முடிவு செய்தார்கள். இரண்டு முறை அப்பா தோற்றார். அதன் பிறகுதான் அந்தப் பெண் செயலாளரானார்.

மதுரை மாநாட்டின் கடைசி நாளில் மத்தியக் குழுவுக்கான பட்டியல் வைக்கப்பட்டபோது, பட்டியலில் இல்லாத மகாராஷ்டிரத் தொழிற்சங்கத் தலைவர் டி.எல். கராட் போட்டியிட்டார், ரகசிய வாக்கெடுப்பு நடந்து, அவருக்கு 31 வாக்குகள் கிடைத்தன. 2018இல் கொல்கத்தாவில் கிடைத்த அதே எண். சிலர் அதை ஒழுங்குக் குறைவு என்று பேசினார்கள். அமைப்புச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமையைப் பயன்படுத்துவது எப்படி ஒழுங்குக் குறைவாகும் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை நான் செய்தித்தாளில் அதைப் படித்துக் காட்டினேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முப்பத்தொரு பேர் யாருன்னு வேண்டாம். அவர் எதுக்காக நின்னாருன்னு அதில போட்டிருக்கா, பாரு" என்றார். நான் அந்தப் பக்கத்தை முழுவதும் படித்தேன். எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது.