பொன்னியின் செல்வனும் சுவரில் ஒரு வம்சப் படமும்: மூன்றாம் பாகம் வரை

பொன்னியின் செல்வனில் மூன்றாம் பாகமான கொலைவாள் முடிந்தது. நான் வாசிக்க, என் மாமனார் கேட்கிறார். சித்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ்தான் பேச்சு, ஆனால் படித்தது தெலுங்கு மீடியம் என்பதால் தமிழ் எழுத்து பழகவில்லை. இரவுச் சாப்பாடு ஆனதும் புத்தகத்தை எடுப்பேன். 1950 முதல் 1954 வரை கல்கி வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே மூச்சில் சத்தமாக வாசிக்கிற அளவுதான், ஆனால் அடுத்ததைத் தொடாமல் தூங்க விடாது.

முதல் பாகத்தில் கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டம் வருகிறது. பழுவேட்டரையரின் மூடுபல்லக்கில் இருந்தது மதுராந்தகன் என்று தெரிகிற இடத்தில் மாமா நிறுத்தச் சொன்னார். "இரும்மா. இவன் பெரியவரோட பிள்ளைன்னா, பட்டம் எப்படித் தம்பி வீட்டுக்குப் போச்சு? அதைச் சொல்லு முதல்ல."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வம்சப் படம் வரையத் தொடங்கினேன். பழைய மாதக் காலண்டர் தாள்களைப் பின்பக்கம் தெரிய ஒட்டி, கூடத்துச் சுவரில் மாட்டியாயிற்று. கல்வெட்டிலோ செப்பேட்டிலோ பெயர் இருப்பவர்களுக்குக் கறுப்பு மை, கல்கியே படைத்தவர்களுக்கு நீலம். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் எல்லோரும் நீலம். அநிருத்தப் பிரம்மராயர் அன்பில் செப்பேட்டில் இருக்கிறார், அதனால் கறுப்பு. வந்தியத்தேவனும் கறுப்புதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார் என்று குறிக்கிறது. அந்தப் பெயருக்கு ஒரு குதிரையும் துடுக்குப் பேச்சும் கொடுத்து ஆளையே எழுப்பி நிறுத்திவிட்டார் கல்கி!

மாமாவின் கேள்விக்குப் பதில் அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் நடந்த போரில் இருக்கிறது. சோழ அரசன் பராந்தகனின் மூத்த மகன் இராஜாதித்தன் 949இல் அங்கே யானை மேலிருந்தபடியே இறந்தான். எதிரே இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணன்; இராஜாதித்தனைக் கொன்றது அவனுக்குத் துணை வந்த கங்க அரசன் பூதுகன். பட்டத்துக்குரிய பிள்ளை போனதால் தம்பி கண்டராதித்தன் ஆண்டான். அவன் இறந்தபோது மகன் மதுராந்தகன் குழந்தை. ஆகவே அடுத்த தம்பி அரிஞ்சயன், அவனுக்குப் பின் அவன் மகன் சுந்தர சோழன். கதையின் சதி முழுக்க இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது. காவிரிக்கரைக் கதை என்று நினைத்துத்தான் வாசிக்கத் தொடங்கினோம். அதன் விதை விழுந்தது எங்கள் பக்கத்து மண்ணில் என்று தெரிந்ததிலிருந்து நாவலை வாசிக்கிற விதமே மாறிவிட்டது.

பூதுகனைத் தேடியபோது மனத்தை விட்டு அகலாத ஒரு செய்தியும் கிடைத்தது. தக்கோலப் போரைச் சொல்லும் ஆதகூர்க் கல் உண்மையில் ஒரு நாய்க்கு எழுப்பிய நடுகல். போரில் வீரம் காட்டிய மணலேரன், பூதுகனிடம் பரிசாகக் கேட்டு வாங்கிய வேட்டைநாய் அது. பெயர் காளி. ஒரு காட்டுப் பன்றியோடு மோதி இரண்டும் செத்தன. காளிக்கும் படத்தின் ஓரத்தில் கறுப்பு மையில் இடம் கொடுத்திருக்கிறேன்.

மேல்பாடிக்கும் போய் வந்தோம். சித்தூர் வழியாக வரும் நீவா நதியைத்தான் எல்லை தாண்டினால் பொன்னை ஆறு என்கிறார்கள். மேல்பாடி அதன் கரையில் இருக்கிறது. அங்கே பாளையம் இறங்கியிருந்தபோதுதான் மூன்றாம் கிருஷ்ணன் 959இல் கர்ஹாட் செப்பேட்டை வழங்கினான். அதே ஊரில் பிற்பாடு இராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பும் கோயில், எடுத்தான். "ஆற்றூர்த் துஞ்சின தேவர்", அதாவது ஆற்றூரில் இறந்தவர், என்று பாட்டனைக் குறிக்கிறது அங்குள்ள கல்வெட்டு. எதிரியின் பாளையம் இருந்த ஊரில் பேரன் கோயில் எழுப்புகிறான் என்பதே எனக்கு ஓர் அத்தியாயம் போலப் பட்டது. கோயில் சிறியது. எழுத்துகளில் புள்ளி கிடையாது, நடுநடுவே கிரந்தம் வேறு. காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் எழுத்து எடுப்பாகத் தெரியும். நிழலான பக்கத்தில் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். சுண்ணாம்பு, மாவு எதையும் தேய்க்காதீர்கள், கல் கெட்டுவிடும்.

அதே ஆற்றங்கரையில் இன்னும் கீழே திருவல்லம், வாணர் குலத்துப் பழைய அரசர்களின் வாணபுரம். வந்தியத்தேவன் பேசுகிற வாணர் குலப் பெருமையை அங்கே உட்கார்ந்துதான் மாமாவுக்கு மறுபடி வாசித்தேன். காளஹஸ்தி அருகே தொண்டைமானாட்டில் பராந்தகனின் தந்தை முதலாம் ஆதித்தனின் பள்ளிப்படையும் பார்த்தாயிற்று, அதைத் தனியாக எழுத வேண்டும்.

அடுத்துப் போக வேண்டியது தக்கோலம், திருத்தணி அரக்கோணம் வழியாக. நான்காம் பாகம் மணிமகுடம் தொடங்குமுன் இன்னொரு தாள் ஒட்ட வேண்டும், சம்புவரையர் கிளைக்கு இடமே இல்லை. இதற்கிடையே மாமா சுவர் முன் நின்று கறுப்புப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். அரிஞ்சயன் வரை வந்துவிட்டார். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று ரவிதாசனையும் அவன் கூட்டத்தையும் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு விவரத்தை அதனால்தான் படத்தில் இன்னும் எழுதவில்லை. கதை அந்த இடத்துக்கு இனிமேல்தான் வரவேண்டும்.