மூன்று விரல் தடம்

எங்கள் பாலைவனப் பயணம் திருவான்மியூர் கடற்கரையில் தொடங்கியது. ஜெய்சால்மருக்குக் கிளம்ப இன்னும் பத்து நாள் இருந்தது. எங்களைக் கூட்டிப்போன அண்ணன் இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். குளிர்காலம் வந்தால் மட்டும் அவரை தார் பாலைவனத்தில்தான் பார்க்க முடியும். கூட வர விரும்புகிறவர்கள் முதலில் ஒரு விடியற்காலை இந்த மணலில் குனிந்து நடந்தாக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

"வாக்கிங் வர்றவங்க மிதிக்கறதுக்குள்ள பாத்துடணும், வாங்க."

நண்டு வளையைச் சுற்றி ஊசியால் குத்தியதுபோலப் புள்ளிகள். காக்கைக்கு முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. அப்புறம் ஈரமணலில் மிகச் சின்னதாக ஒரு தடம், கொஞ்ச தூரம் ஓடி, நின்று, மறுபடி ஓடியிருந்தது. உப்புக்கொத்திப் பறவை.

"பின்விரல் இருக்கா?"

இல்லை. கிளையைப் பற்றத்தான் பின்விரல் வேண்டும், தரையே கதியென்று வாழும் பறவைக்கு அது எதற்கு என்றார். "இதே மாதிரி கால, பெருசா, அங்க காட்டறேன்."

பாலைவன தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். ஜனவரிக் குளிரில் ஜீப்பில் விரல்கள் மரத்துப்போயின. நாங்கள் எல்லோரும் பைனாகுலரோடு தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டு வந்தார். நரி போயிருந்தது. சிங்காரா மான் போயிருந்தது. பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மூன்று விரல், கிட்டத்தட்ட என் உள்ளங்கை அளவு. பின்விரல் இல்லை.

"கோடாவண்" என்றார் ஓட்டுநர். நம் கானமயில்; பெயரில்தான் மயில், தரையில் வாழும் வேறொரு பெரிய பறவை.

ஒரு மணி நேரம் கழித்து, வெகு தூரத்தில், சேவண் புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்தும் கறுப்பு உச்சந்தலையும் எழுந்தன. ஆண் பறவை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாமா என்று ஒருவர் கேட்டார். அண்ணன் அசையவில்லை. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், நாம் போய் விரட்டினால் அதுவும் போச்சு என்றார். இயற்கையில் மிஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நேர் எதிரே வரும் மின்கம்பி அதற்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் 15 கிலோ வரை வளரும் உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது, மோதிச் சாகிறது. காற்றாலை, சூரிய மின்சாரம் எல்லாம் வேண்டும்தான். இந்தப் பறவை பறக்கும் பாதையிலாவது கம்பிகள் மண்ணுக்கடியில் போகட்டும்.

இன்னொரு எதிரி தெருநாய்கள். முட்டையையும் குஞ்சையும் விடுவதில்லை. அவற்றின் தடத்தை அங்கே பார்த்தபோது எனக்கு நம் கடற்கரைதான் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்து, பிப்ரவரியில் ஒருநாள் விடியலில் தனியாகவே அங்கே போனேன். அலையிலிருந்து மேலேறிய அகலமான தடம், இரு பக்கமும் துடுப்பு கீறிய கோடுகள்: பங்குனி ஆமை முட்டையிட வந்திருக்கிறது. குழியைச் சுற்றி மனிதக் காலடிகள். 1988 முதல் இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போகும் மாணவர் குழுவாகத்தான் இருக்கும். அந்தக் காலடிகளின் மேல் நகம் பதிந்த நாய்த்தடம். குழியை இரண்டு சுற்று சுற்றி, கொஞ்சம் கிளறிப் பார்த்து, அப்படியே சாலைப் பக்கம் போயிருந்தது.