நோ டியூஸ் படிவத்தோடு வந்த நான்கு டெராபைட்

"எதை விட்டுடலாம்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்" என்று அந்தத் தம்பி கேட்டார். நான் சொல்லிவிட்டேன். சொன்னது சரியா தப்பா என்பதைவிட, அவ்வளவு சீக்கிரம் எப்படிச் சொன்னேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பாக்கி எதுவும் இல்லை என்று நூலகம் போட்டுக்கொடுக்கும் நோ டியூஸ் கையெழுத்து எப்படிப் போகும் என்று நூலகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிஎச்டி வாய்மொழித் தேர்வான வைவா முடிந்து ஊரைவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் படிவத்தை நீட்டுவார்கள். புத்தகம் பாக்கி இருக்கிறதா, ஆய்வேட்டின் பிடிஎஃப் இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்துக்குப் போய்விட்டதா என்று பார்ப்போம், கையெழுத்துப் போடுவோம். அந்தத் தம்பி படிவத்தோடு இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் மேஜையில் வைத்தார். காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டரை மேலே ஒட்டி, மார்க்கரில் கண்மாய்களின் பெயரை எழுதியிருந்தார். "ஆய்வேடு உங்ககிட்ட இருக்கு. அது எதுலேர்ந்து வந்ததோ அது இதுல இருக்கு. இதை யார்கிட்ட குடுக்கிறது?"

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில், புளியமரத்திலும் கருவேல மரத்திலும் சின்னச் சின்ன ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டிவைத்துப் பறவைகளைப் பற்றி ஆராய்ந்தவர். கருவிக்கு ஆடியோமாத் என்று பெயர், மூன்று பென்சில் பேட்டரியில் ஓடுகிறது. கால் மணிக்கு ஐந்து நிமிடம் என்று இரவும் பகலும் பதிந்திருந்தார். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒரு மணி நேரச் சத்தம் கிட்டத்தட்ட 345 எம்பி வரும். அப்படிச் சேர்ந்து சேர்ந்து நான்கு டெராபைட்டைத் தாண்டிவிட்டது. நாங்கள் இதுவரை ஏற்றிய ஆய்வேடுகள் அத்தனையையும் கூட்டினாலும் அதில் ஒரு மூலைகூட நிரம்பாது. ஆய்வேடுகளை ஏற்றிவைக்கும் எங்கள் டிஸ்பேஸ் சர்வரில் மிச்சம் இருந்த இடம் சில நூறு ஜிபி.

வேறு இடம் தேடாமல் இல்லை. டிஎன்ஏ வரிசை என்றால் கேள்வியே இல்லை. அதைச் சேர்த்துவைக்கவென்றே ஜென்பேங்க் இருக்கிறது, 2022-ல் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையமும் வந்துவிட்டது. மாதக் கணக்கில் பதிந்த கண்மாய்ச் சத்தத்துக்கு அப்படி ஒரு வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஸெனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் போடலாம், டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் கிடைக்கும். ஆனால் ஒரு பதிவுக்கு 50 ஜிபிதான். எண்பதுக்கும் மேல் துண்டு போட்டு, எங்கள் இணைய வேகத்தில் ஏற்ற வேண்டும். தம்பிக்கு அந்த வாரமே வெளிமாநிலத்தில் வேலையில் சேர வேண்டியிருந்தது.

அதனால்தான் அந்தக் கேள்வி வந்தது. நான் சொன்னது இது: ஆய்வேட்டில் சொன்ன முடிவுகளைச் சரிபார்க்க எது தேவையோ அதை வைப்போம். விடியற்கால இரண்டு மணி நேரப் பதிவுகள், எந்தப் பறவை எப்போது கூவியது என்ற அட்டவணைகள், கருவி எங்கே தொங்கியது என்ற விவரம், இவ்வளவும் நூலகத்துக்கு. மீதி அவரிடமே இருக்கட்டும். அவர் தலையாட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

தெரியாமல் சொன்னதில்லை. புத்தகங்களைக் கழிக்கிற வேலையை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்கிறேன். நூலகம் வளரும் உயிர் என்று நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-லேயே தன் நூலக விதிகளில் ஐந்தாம் விதியாக எழுதிவைத்தார். வளர்கிற எதற்கும் பழையதை விடத் தெரிய வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். கரையான் அரித்த ஒரு பதிப்பை ரைட் ஆஃப் செய்யும்போது எனக்குக் கை நடுங்கியதில்லை. பதிப்பாளர்கள் நூல் பிரதி அனுப்ப வேண்டும் என்ற 1954-ம் வருடச் சட்டப்படி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போயிருக்கும், வேண்டியவர் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார் என்ற தைரியம்தான். கண்மாயில் ஒரு ஐப்பசி ராத்திரி கேட்ட சத்தத்துக்கு அந்தத் தைரியம் செல்லாது. இன்னொரு பிரதி எந்த ஊரிலும் கிடையாது. இது அன்றைக்கும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் பழகிய கை பழகிய வேலையைச் செய்தது.

வைத்துக்கொண்டதையாவது ஒழுங்காக வைப்போம் என்று கோப்புகளை அவரோடு உட்கார்ந்து திறந்து பார்த்தேன். விடியற்காலப் பதிவு என்றார், கோப்பின் பெயரில் 003000 என்று இருந்தது. நள்ளிரவு தாண்டி அரை மணி நேரத்தில் இத்தனை கொண்டலாத்தியும் மைனாவும் கத்துமா என்று கேட்டேன். சிரித்தார். கருவி நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும், அது காலை ஆறு மணி. அவருக்கு இது மூச்சு விடுவதுபோல, அதனால் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஒரு கருவி மழையில் நனைந்து கடிகாரம் பின்வாங்கியது, இன்னொன்றை ஆடு மேய்ப்பவர் ஒருவர் அக்கறையாக எடுத்து வேறு மரத்தில் கட்டிவிட்டார் என்றெல்லாம் பேச்சோடு பேச்சாக வந்தது. நான் குறித்துக்கொண்டே போனேன். அந்தப் பக்கங்கள் இல்லையென்றால் நாங்கள் வைத்திருப்பது வெறும் இரைச்சல்தான். தேடினால் கிடைக்க வேண்டும், எடுக்க முடிய வேண்டும், மற்றதோடு பொருந்த வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும் என்று 2016-ல் வெளியான, ஆய்வுத் தரவுக்கான ஃபேர் கொள்கைகளை நாங்கள் எல்லாரும் பயிலரங்குகளில் கேட்டிருக்கிறோம். அந்த நான்காவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிந்தது அந்த மேஜையில்தான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் என் பக்கத்து நியாயம் முழுதாகாது. சாயங்காலப் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார். நாமக்கோழிக்கு நடுவே இரண்டு பெண்கள் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டு துணி துவைக்கிறார்கள். ஒரு பெயர், ஒரு தொகை, ஒரு அழுகை. அவர்கள் யாருக்காகவும் பேசியதில்லை. அதை நூலகத்தின் பெயரில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைக்க எனக்கு மனசு வரவில்லை. விடியற்காலத்தில் பேச்சு குறைவு என்பதும் நான் அதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் என்று சொல்லிவருகிறேன்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் ராத்திரியில் பேச்சு இன்னும் குறைவு. அப்படியானால் ராத்திரியை ஏன் விட்டேன்? ஆய்வேடு பறவையைப் பற்றியது, அவ்வளவுதான். மூடி வைப்பது வேறு, வைக்காமலே இருப்பது வேறு என்பதும் எனக்குத் தெரியும். பூட்டிய அலமாரி இல்லாத நூலகம் உண்டா?

2024 கடைசியில் டங்ஸ்டன் என்ற உலோகத்துக்குச் சுரங்கம் வரும் என்ற பேச்சு எழுந்து மேலூர்ப் பக்கமே கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசின் அறிவிப்பே சொன்னது. அந்தச் சமயத்தில் விலங்கியல் துறை ஆசிரியை ஒருவர் வந்தார். அந்தச் சுற்றுவட்டத்துக் கண்மாய்களில் என்ன தவளைகள் இருந்தன என்று பழைய பதிவு ஏதாவது கிடைக்குமா என்றார். சந்தோஷமாக அட்டவணையைத் திறந்தேன்.

"ராத்திரி இல்லையா மேடம்? முதல் மழை விழுந்த ராத்திரிதான் வேணும். தவளை அப்பதானே கத்தும்."

இல்லை என்றேன். விடியற்காலம் இருக்கிறது, தம்பியிடம் மீதி இருக்கும், கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். ஜனவரி 2025-ல் சுரங்க ஏலம் ரத்தானது, ஊரே மூச்சு விட்டது, எனக்கும் சந்தோஷம்தான். அவருடைய கேள்வி அதோடு ரத்தாகிவிடவில்லை. ஆய்வு மாணவர் பறவையைத் தேடிப் பதிந்த இடத்தில் தவளையும் பூச்சியும் லாரிச் சத்தமும் சேர்ந்தே பதிந்திருக்கின்றன. பெருந்தரவு அறிவியலில் ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் வேறு கேள்வியோடு வந்து கேட்பதுதான் வழக்கம். அந்த இரண்டாவது ஆள் யார், எப்போது வருவார் என்று எந்த நூலகருக்கும் தெரியாது. அதற்காக எல்லாவற்றையும் வைக்க முடியுமா? முடியாது. என் நிலையில் இன்னொருவர் இருந்தாலும் அன்றைக்கு ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். நினைத்தும் நிம்மதி வரவில்லை.

எனக்குத் தோன்றுவதெல்லாம், அந்தக் கேள்வி கடைசி நாளில் நோ டியூஸ் மேஜையில் வந்திருக்கக் கூடாது என்பதுதான். அமெரிக்காவில் தேசிய அறிவியல் நிறுவனம் 2011 முதல் நிதி கேட்கும் விண்ணப்பத்தோடேயே தரவை எப்படி வைக்கப்போகிறீர்கள் என்ற திட்டமும் கேட்கிறது. முதல் கருவியைக் கட்டுவதற்கு முன்னால் நாங்கள் பேசியிருந்தால், எவ்வளவு வரும், நேரம் எப்படிக் குறிப்பது, ஆள் பேச்சை என்ன செய்வது என்று தீர்த்திருக்கலாம். இப்போது பிஎச்டி பதிவின்போதே ஒரு பக்கப் படிவம் தருகிறோம். பலர் "பொருந்தாது" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். கூப்பிட்டுப் பேசினால்தான் மைக்ராஸ்கோப் படங்கள் லேப்டாப்பில் மட்டும் இருப்பது தெரியவருகிறது. அந்தப் பேச்சுக்கு ஒரு ஆள் வேண்டும். சர்வர் வாங்குவதைவிட அது முதலில் வேண்டும் என்பது என் கட்சி. அறிவியலும் கொஞ்சம் தெரிந்து, கடிகாரத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிற ஒரு ஆள்.

பணம் அடுத்தது. எங்கள் பட்ஜெட்டில் நூலுக்கு ஒரு தலைப்பு, இதழுக்கு ஒரு தலைப்பு, தளவாடத்துக்கு ஒரு தலைப்பு. தரவு இவற்றில் எதிலும் உட்காராது. டிஸ்க் வாங்கக் கேட்டால் ஒரு தடவை தருவார்கள். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில், சில வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றுவது, கோப்பு கெடவில்லை என்று செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பது என்றால் அது கரண்ட் பில் மாதிரி வருடா வருடம் வரும் செலவு. நூலகக் குழுவில் இதைச் சொன்னேன். இதை எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதுவரை வந்து கேட்டவர் ஒருவர், அவர் கேட்டதும் நாங்கள் வைக்காததை என்று உள்ளபடி சொன்னேன். அது எனக்குச் சாதகமா பாதகமா என்று அவர்கள் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள்.

தம்பியிடம் பேசினேன். ஒரு டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் எடுக்கவில்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறதாம். இன்னொன்று ஊரில் அம்மா வீட்டுப் பீரோவில் இருக்கிறது, பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறார். இந்தத் தடவை எதையும் கழிக்காமல் நகலெடுக்கப்போகிறேன். எங்கே வைப்பது என்று கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.