சார்ட்டிங்ல நான் ஆசைப்படுற மெஷின்கள்

ஆர்.எம்.எஸ்-ல, அதாவது ரயில்வே தபால் சர்வீஸ்ல, தபால ஊர் வாரியா பிரிக்கிற சார்ட்டிங் வேலை எனக்கு, பெரும்பாலும் நைட் செட். பெரிய மெஷின் 90கள்லயே மும்பைக்கும் சென்னைக்கும் வந்தாச்சு, பிரிண்ட் பண்ண பின்கோடு இருந்தா படிச்சு பிரிச்சிரும். எங்கள மாதிரி ஆபீஸ்ல இன்னும் மர ரேக்கு முன்னாடி நின்னு கையால தான் போடுறோம். முகூர்த்த மாசம் வந்தா போதும், மெரூன் கவர்ல தங்க கலர் இங்க்ல எழுதின கல்யாண பத்திரிக்கை கட்டு கட்டா வரும், அதுல பாதிக்கு பின்கோடே இருக்காது, வெறும் "புதூர்"னு இருக்கும், தமிழ்நாட்டுல எத்தனை புதூர்!

இந்த பேர் குழப்பத்துக்காகத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்னைக்கு பின்கோடே வந்துச்சு, ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் உருவாக்குனது. முதல் மூணு நம்பர் எந்த சார்ட்டிங் மாவட்டம்னு சொல்லும், கடைசி மூணு எந்த டெலிவரி ஆபீஸ்னு சொல்லும். அவ்வளவுதான். அதுக்கு மேல பழைய நம்பர் 14 புது நம்பர் 31, மாரியம்மன் கோயில் பின்பக்கம், மெக்கானிக் கடை மாடி இதெல்லாம் போஸ்ட்மேன் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. 2025-ல தபால் துறை கொண்டு வந்த டிஜிபின்ங்கற டிஜிட்டல் அட்ரஸ் நல்ல யோசனை தான், நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்துக்கு ஒரு பத்து எழுத்து கோடு, ஆனா ஒரே அப்பார்ட்மெண்ட்ல ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருக்குற நாலு மாடி வீட்டுக்கும் அதே கோடு தானே வரும், அதோட பத்திரிக்கை அனுப்புற பெரியப்பா அத எங்க எழுத போறார்.

அமெரிக்கால மெஷினுக்கு புரியாத அட்ரஸ போட்டோவா சால்ட் லேக் சிட்டில இருக்குற சென்டருக்கு அனுப்பி, அங்க ஆளுங்க பாத்து டைப் பண்றாங்க. ஒரு காலத்துல இந்த மாதிரி 55 சென்டர் இருந்துச்சாம். நான் கேக்குறது இதுலயே ஒரு படி மேல. அந்த போட்டோ எங்கயோ சென்டர்ல இருக்குறவங்களுக்கு போக வேண்டாம், அந்தந்த புதூர் போஸ்ட்மேனுக்கே போகட்டும். அவங்க கையில ஏற்கனவே டெலிவரி ஆப் இருக்குற போன் இருக்கு. "இது என் பீட்டு, நான் தபால் குடுக்குற ஏரியா, செட்டியார் வீடு"னு அண்ணன் ஒரு தட்டு தட்டினா போதும், தபால் தப்பான ஊருக்கு போய் மிஸ்சென்ட் முத்திரை வாங்கிட்டு திரும்பாது.

இன்னொண்ணு ரேக்குல. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்ன லைட். நான் கவர எடுத்து "ஆறு ரெண்டு அஞ்சு"ன்னு ஆரம்பிச்சு பின்கோட வாயால சொன்னா எந்த அறையோ அங்க லைட் எரியணும். புதுசா வர்ற பிள்ளைங்க எந்த ஆபீஸ் எந்த பேக்ல போகும்னு மனப்பாடம் பண்ணவே மாசக்கணக்காகுது, டிஸ்பாட்ச் டைம் நெருங்கும்போது அவங்க படுற பதட்டம் பாக்க கஷ்டமா இருக்கும். கரண்ட் போனாலும் ஓடுற மாதிரி பேட்டரி வேணும், சத்தத்துக்கு நடுவுல நம்ம ஊர் தமிழ் அதுக்கு புரியணும்.

ரெண்டுல முதல்ல எதுன்னு கேட்டா போஸ்ட்மேனுக்கு போட்டோ போறது தான். லைட்ட எப்ப வேணா மாட்டிக்கலாம். ஒரே பீட்டுல காலமெல்லாம் நடந்த அண்ணன் ரிட்டயர் ஆகி வீட்டுக்கு போயிட்டா மாரியம்மன் கோயில் பின்பக்கம் யார் யார் இருக்காங்கன்னு அடுத்து வர்ற பையன் யார்கிட்ட கேப்பான்?